மாத வாடகையும் ஒரு மாத அறிவித்தலும்

வீட்டைக் கட்டிப் பார், கலியாணத்தைச் செய்து பார் என்பது பழமொழி. கட்டிய வீட்டை வாடகைக்கு விட்டு, பின் அதனைத் திரும்பப் பெற்றுப் பார் என மூன்றாவது ஒன்றையும் அதனோடு சேர்த்துச் சொல்பவர் கொழும்பு நகரிற் பலர். வாடகைக்கு விடுவது ஒரு மாலைப்பொழுதில் முடிந்துவிடுகிறது. முற்பணம் கைமாறுகிறது, திறப்பு கைமாறுகிறது, இரு தரத்தாரும் தேநீர் அருந்திப் பிரிகின்றனர். அவ்வுறவை முடித்துக்கொள்ளும் நாள் வரும்போதுதான், அன்று எதனைப் பேசினோம், எதனைப் பேசாமல் விட்டோம் என்ற நினைவு வருகின்றது.

ஓர் எடுத்துக்காட்டைக் கொள்க. ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவருக்கு வெள்ளவத்தையில் ஒரு வளவு உண்டு. அவ்வளவின் முன்புறத்திலே அவருடைய தந்தையார் 1960களிற் கட்டிய பழைய வீடு நிற்கின்றது. அதனைத் தந்தையார் 1974இல் எழுதுவினைஞர் ஒருவருக்கு வாடகைக்கு விட்டார். அவ்வெழுதுவினைஞர் காலமாகிவிட்டார், அவருடைய மனைவி, முதுமையெய்திய நிலையில், இன்றும் அவ்வீட்டிலேயே வாழ்கின்றார். பின்புறத்திலே ஆசிரியர் தாமே 1992இற் கட்டிய சிறிய அனெக்ஸ் ஒன்று உண்டு. அதிலே இளங்குடும்பம் ஒன்று மாத வாடகைக்கு இருக்கின்றது. ஆசிரியரோ ஓய்வுபெற்றபின் யாழ்ப்பாணம் சென்று குடியேறிவிட்டார். இப்பொழுது அவருடைய மனைவிக்குக் கொழும்பு மருத்துவமனை ஒன்றிலே நீண்டகாலச் சிகிச்சை வேண்டியதாயிற்று. தங்குவதற்குத் தம் வளவிலேயே ஓர் இடம் வேண்டும். ஆகத்து மாதம் 5ஆந் திகதி ஆசிரியர் அனெக்சில் இருக்கும் இளைஞருக்கு ஒரு கடிதம் எழுதினார்: இம்மாத முடிவில் வீட்டை விட்டுத் தருக.

தேவை உண்மையானது, கடிதம் பண்பானது, ஆயினும் அக்கடிதம் சட்டத்தின் முன் செல்லாது. அதனையே நம்பி வழக்குத் தொடுத்திருப்பாரானால், நீதிமன்றப் படிகளிற் காலம் பலவற்றைச் செலவிட்டு, இறுதியில் வழக்குத் தள்ளுபடியாகி, முதலிலிருந்து தொடங்க வேண்டியவராய் இருந்திருப்பார். அது ஏன் என்பதை அறிவதற்கு மாத வாடகை என்பது யாது என முதலில் அறிதல் வேண்டும்.

மாத வாடகை என்பது ஒவ்வொரு மாத முடிவிலும் தானே அற்றுப்போகும் உறவன்று. இரு தரத்தாருள் ஒருவர் முறைப்படி நிறுத்தும்வரை, ஒரு மாதம் முடிய அடுத்த மாதம் தானாகத் தொடரும் உறவே அது. இலங்கையில் இவ்வகை வாடகை இவ்வளவு பரந்து காணப்படுவதற்கு ஒரு பழைய சட்டமும் காரணமாகும். 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டம், ஒரு மாதத்துக்கு மேற்பட்ட காலத்துக்கு நிலத்தையோ வீட்டையோ குத்தகைக்கு விடுவதாயின், அவ்வுடன்படிக்கை நொத்தாரிசு ஒருவர் முன்னிலையிலும் சாட்சிகள் இருவர் முன்னிலையிலும் எழுதிக் கையொப்பமிடப்படல் வேண்டும் என விதித்தது. ஒரு மாதத்துக்கு மேற்படாத குத்தகைக்கு அந்நியதி இல்லை.

இதன் விளைவு பலர் அறியாதது. ஈராண்டுக்கு வீடு எனச் சாதாரணக் கடதாசியில் எழுதி, முத்திரை ஒட்டி, இருவரும் கையொப்பமிட்டுக் கொள்கின்றனர். நொத்தாரிசு அத்தாட்சி இல்லாமையால் அவ்வீராண்டு உடன்படிக்கை குத்தகை என்ற அளவில் வலுவற்றது. ஆயினும் குடியிருப்பவர் வீட்டிற் புகுந்து மாதந்தோறும் வாடகை செலுத்திவரின், நீதிமன்றங்கள் அதனை மாத வாடகையாகவே கொள்கின்றன. ஈராண்டு முடிந்தது, எழுந்து போ என வீட்டுக்காரரும் கூற இயலாது. ஈராண்டு முடியவில்லை, இருப்பேன் எனக் குடியிருப்பவரும் கூற இயலாது. இருவரும் மாதக் கணக்குக்குள் வந்துவிடுகின்றனர்.

இனி அறிவித்தலின் கணக்கைப் பார்ப்போம். இந்நாட்டின் பொதுச்சட்டமாகிய உரோம ஒல்லாந்தச் சட்டத்தின்படி மாத வாடகையை முடிப்பதற்கு ஒரு முழு மாத அறிவித்தல் வேண்டும். முழு மாதம் என்பது முப்பது நாளன்று. வாடகை மாதம் எந்நாளில் தொடங்கி எந்நாளில் முடிகின்றதோ, அத்தொடக்கத்துக்கு முன் அறிவித்தல் குடியிருப்பவர் கைக்குச் சேர்ந்து, அம்முடிவு நாளோடு காலாவதியாதல் வேண்டும். வாடகை மாதம் 1ஆந் திகதி தொடங்குவதாயின், செத்தெம்பர் 30ஆந் திகதி வீடு வேண்டும் என்பவர் ஆகத்து 31ஆந் திகதிக்குள் அறிவித்தலைச் சேர்ப்பித்துவிடுதல் வேண்டும். வாடகை மாதம் 10ஆந் திகதி தொடங்கி மறுமாதம் 9ஆந் திகதி முடிவதாயின், அறிவித்தலும் 9ஆந் திகதியோடு முடிதல் வேண்டும். மாதத்தின் முதல் நாளிலேயே கொடுத்தாற் போதுமா என்பதைப் பற்றியும் வழக்குகள் எழுந்தமையால், அறிவுடையோர் முதல் நாளுக்குப் பல நாட்கள் முன்னரே கொடுத்துவிடுவர்.

ஆசிரியரின் கடிதம் எங்கே தவறியது என்பது இப்பொழுது விளங்கும். ஆகத்து 5ஆந் திகதி கொடுத்த கடிதம் ஆகத்து 31ஆந் திகதியை முடிவாகக் கூறியது. இடையில் இருந்தது இருபத்தாறு நாள். முழு மாதம் கொடுக்கப்படவில்லை. சரி, முப்பது நாளைக் கணக்கிட்டுச் செத்தெம்பர் 4ஆந் திகதி எனக் குறித்திருந்தாலும் குற்றமே. அது வாடகை மாதத்தின் நடுவில் வந்து விழும் நாள். செத்தெம்பர் 30 எனக் குறித்திருப்பின் அவ்வறிவித்தல் வாழ்ந்திருக்கும். ஒரு நாளின் பிழை முழு அறிவித்தலையும் கெடுத்துவிடும் என்பதே இங்கு மனத்திற் கொள்ளத்தக்கது.

ஒரு மாதம் என்பது மிகக் குறைந்த அளவு, மிகுந்த அளவன்று. இரண்டு, மூன்று, நான்கு மாத அவகாசம் கொடுப்பதற்கு எத்தடையும் இல்லை. முடிவு நாள் மாத இறுதியோடு பொருந்தியிருந்தாற் போதும். உடன்படிக்கையிலேயே நீண்ட அறிவித்தற் காலம் பேசப்பட்டிருப்பின், அப்பேச்சை வீட்டுக்காரர் மீறலாகாது.

அறிவித்தலை யார் கொடுப்பது, யாருக்குக் கொடுப்பது என்பதும் சிறிய கேள்வியன்று. வாடகைக்கு விட்டவரே அதனைக் கொடுத்தல் வேண்டும். அல்லது அவருடைய அதிகாரம் பெற்றவர், அவர் சார்பிற் கொடுப்பதாகத் தெளிவாகக் கூறிக் கொடுத்தல் வேண்டும். வாடகைக்கு விட்டவர் இறந்துபோய் மகன் உரிமையாளரானால், தாமே இனி வீட்டுக்காரர் என்பதைக் குடியிருப்பவருக்கு முதலில் எழுதித் தெரிவித்து, வாடகையைத் தம்மிடம் செலுத்தச் செய்துகொள்வது நன்று. வீட்டை விலைக்கு வாங்கியவருக்கும் இது பொருந்தும். உரோம ஒல்லாந்தச் சட்டத்தில் விற்பனையால் வாடகை அழிவதில்லை. வாங்கியவர் விற்றவரின் இடத்திலே வந்து நிற்கின்றார். அவ்வாறே அறிவித்தல் வாடகைக்கு எடுத்தவரின் பெயருக்கே முகவரியிடப்படல் வேண்டும். கணவர் பெயரில் வாடகை இருக்க, மனைவியின் பெயருக்கு அறிவித்தல் அனுப்பினால் வீண் வாதத்துக்கு இடமுண்டாகும்.

வாயாற் சொல்லிய அறிவித்தலை நீதிமன்றத்தில் நிலைநாட்டுவது அரிது. ஆதலால் எழுதிக் கொடுப்பதே முறை. நீண்ட கடிதம் வேண்டியதில்லை. குறைகளை அடுக்குவதும், பழைய சச்சரவுகளை நினைவூட்டுவதும் வேண்டியதில்லை. வீட்டின் இலக்கமும் வீதியும், குடியிருப்பவரின் முழுப்பெயரும், மாத வாடகை என்ற குறிப்பும், முடிவடையும் நாளும் இருந்தாற் போதுமானது. "மேற்படி முகவரியிலுள்ள வீட்டில் மாத வாடகைக்கு இருந்துவரும் தங்களுடைய வாடகை உரிமையை எதிர்வரும் டிசம்பர் மாதம் 31ஆந் திகதியுடன் முடிவுறுத்துகின்றேன், அன்றைய தினம் வீட்டின் வெறுமையான உடைமையை என்னிடம் ஒப்படைக்கும்படி கேட்டுக்கொள்கின்றேன்" என்ற அளவில் அது முடிந்துவிடும். அதனைப் பதிவுத் தபாலில் அனுப்பித் தபாற் கந்தோர்ப் பற்றுச்சீட்டையும் கடிதத்தின் பிரதியையும் காத்துவைத்தல் வேண்டும். கையிற் கொடுப்பதாயின் பிரதியிலே கையொப்பமும் திகதியும் பெற்றுக்கொள்ளல் வேண்டும். தபால் இரண்டொரு நாள் தாமதித்து வந்தால் அதுவும் கணக்கைக் கெடுக்கும் என்பதை மறத்தலாகாது.

இதுவரை கூறியது பொதுச்சட்டத்தின் வழி. ஆனால் இலங்கையில் வீட்டுக்காரருக்கும் குடியிருப்பவருக்கும் இடையில் இன்னொரு சட்டமும் நீண்டகாலமாக நிற்கின்றது. அதனை அறியாது அறிவித்தல் கொடுப்பவர், கணக்குச் சரியாயிருந்தும் வழக்கில் தோற்பர்.

இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்த 1942ஆம் ஆண்டில், 60ஆம் இலக்க வாடகைக் கட்டுப்பாட்டுக் கட்டளைச் சட்டம் ஆக்கப்பட்டது. வீடுகள் அரிதாகிய காலத்தில் வாடகை கண்டபடி ஏறாமலும், குடியிருப்பவர் நினைத்தவுடன் தெருவில் விடப்படாமலும் காப்பதே அதன் நோக்கம். போர் முடிந்தது, ஆனால் வீட்டுத் தட்டுப்பாடு முடியவில்லை. 1948ஆம் ஆண்டின் 29ஆம் இலக்கச் சட்டம் அப்பாதுகாப்பைத் தொடர்ந்தது. பின்னர் 1972ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க வாடகைச் சட்டம் அதன் இடத்துக்கு வந்து, குடியிருப்பவரின் பாதுகாப்பை மேலும் இறுக்கமாக்கியது. அடுத்த ஆண்டிலே, ஒருவர் எத்தனை வீடுகளுக்கு உரிமையாளராயிருக்கலாம் என்பதற்கும் 1973ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கச் சட்டம் எல்லை வகுத்தது.

1972ஆம் ஆண்டுச் சட்டத்தின் உயிர்நிலை இதுவே: அச்சட்டத்துக்கு உட்பட்ட வீட்டில், அறிவித்தல் மட்டும் போதாது, சட்டம் ஏற்கும் காரணமும் வேண்டும். மாத வாடகை முடிந்துவிட்டாலும், காரணம் இல்லாவிடின் குடியிருப்பவரை வெளியேற்றும் கட்டளையை நீதிமன்றம் கொடாது. அவர் அச்சட்டத்தின் நிழலில் அவ்வீட்டிலேயே இருந்துவிடலாம்.

ஆயினும் எல்லா வீடுகளும் அச்சட்டத்துக்கு உட்பட்டவை அல்ல. புதிய வீடுகளைக் கட்டி வாடகைக்கு விடுவதற்கு மக்கள் அஞ்சியமையால், 1980ஆம் ஆண்டின் 55ஆம் இலக்கத் திருத்தச் சட்டம், 1980 சனவரி 1ஆந் திகதிக்குப் பின் கட்டப்பட்டு வாடகைக்கு விடப்பட்ட குடியிருப்பு வீடுகளையும், அத்திகதியிற் சொந்தக்காரரே குடியிருந்து பின்னர் வாடகைக்கு விட்ட வீடுகளையும் அதன் பிடியிலிருந்து விலக்கியது. 2002ஆம் ஆண்டிலும் வாடகைச் சட்டம் திருத்தப்பட்டது. ஆகவே வீட்டுக்காரர் முதலிற் கேட்க வேண்டிய கேள்வி, எத்தனை நாள் அறிவித்தல் என்பதன்று. இவ்வீடு எப்பொழுது கட்டப்பட்டது, யார் அதில் இருந்தார், எப்பொழுது வாடகைக்கு விடப்பட்டது என்பதேயாகும். மாநகர சபையின் வரி மதிப்பீட்டுப் பதிவேடு இக்கேள்விக்குப் பெரிதும் துணைசெய்யும்.

ஆசிரியரின் வளவில் இரண்டு வீடுகளுக்கு இரண்டு சட்டம் என்பது இப்பொழுது தெரிகின்றது. பின்புற அனெக்ஸ் 1992இற் கட்டப்பட்டது. அதற்குப் பொதுச்சட்டமே போதும். முழு மாத அறிவித்தலைச் சரியாகக் கொடுத்தால் வேறு காரணம் காட்ட வேண்டியதில்லை. முன்புற வீடோ 1960களிற் கட்டப்பட்டு 1974 முதல் வாடகைக்கு இருப்பது. அங்கே காரணம் வேண்டும்.

அக்காரணங்கள் எவை? முதலாவது, வாடகை நிலுவை. நியம வாடகை மாதம் 100 ரூபாவுக்கு மேற்படாத வீட்டில், வாடகை செலுத்த வேண்டிய நாளிலிருந்து மூன்று மாதம் அல்லது அதற்கு மேல் நிலுவையாயிருந்தால் வழக்குத் தொடுக்கலாம் என்றது அச்சட்டம். ஆனால் முதன்முறை நிலுவையாயின் மூன்று மாத அறிவித்தல் கொடுத்தல் வேண்டும். வழக்குத் தொடுக்குமுன் குடியிருப்பவர் நிலுவை முழுவதையும் கொண்டுவந்து நீட்டினால் வழக்கு இல்லை. நிலுவையை உண்டாக்குவதற்கென்றே வாடகையை வாங்க மறுக்கும் வீட்டுக்காரர் சிலர் உளர். அச்சூழ்ச்சி பலியாது. வாடகையை உள்ளூராட்சிச் சபையிற் கட்டும் உரிமையைச் சட்டம் குடியிருப்பவருக்கு வழங்கியது. அங்கே கட்டியது வீட்டுக்காரர் கையிற் கொடுத்ததற்குச் சமம்.

இரண்டாவது காரணம், நியாயமான தேவை. வீட்டுக்காரருக்கோ அவருடைய குடும்பத்தவருக்கோ குடியிருக்க அவ்வீடு நியாயமாகத் தேவைப்படுதல் வேண்டும். இதற்கு ஆறு மாத எழுத்து மூல அறிவித்தலைச் சட்டம் விதித்தது. அறிவித்தலோடு வேலை முடிந்துவிடாது. இருவருடைய இடரையும் நீதிமன்றம் தராசில் வைத்து நிறுக்கும். வீட்டுக்காரருக்கு வேறு வீடு உண்டா, குடியிருப்பவர் வேறு வீடு தேடினாரா, யாருடைய துன்பம் பெரிது என்பன ஆராயப்படும். இன்னும் ஒரு தடையும் உண்டு. குடியிருப்பவர் வந்து புகுந்த பின்னர் அவ்வீட்டை விலைக்கு வாங்கியவர், எனக்குத் தேவை எனக் கூறி அவரை எழுப்ப இயலாது. அதற்கு முன்பே உரிமையாளராயிருந்த தாய் தந்தையரிடமிருந்தோ வாழ்க்கைத் துணையிடமிருந்தோ முதுசமாக அல்லது நன்கொடையாகப் பெற்றவருக்கு மாத்திரம் அத்தடை இல்லை. வேறு வீடில்லாது ஒரே வீட்டை மட்டும் உடையவருக்கு, பின்வந்த திருத்தங்கள் வேறு நிபந்தனைகளோடு தனி வழி ஒன்றையும் திறந்தன.

மூன்றாவது, குடியிருப்பவரின் நடத்தை. அயலவருக்குத் தொல்லை விளைத்தல், சட்டவிரோதமான காரியத்துக்கு வீட்டைப் பயன்படுத்தித் தண்டனை பெறுதல், வேண்டுமென்றோ கவனக்குறைவாலோ வீட்டைப் பழுதாக்குதல் என்பன இதில் அடங்கும். வீட்டுக்காரரின் எழுத்து மூல முன்அனுமதி இன்றி வீட்டையோ அதன் பகுதியையோ பிறருக்குக் கீழ்வாடகைக்கு விடுதலும் வெளியேற்றத்துக்குக் காரணமாகும்.

குடியிருப்பவர் இறந்துவிட்டால் வாடகை தானாக முடிந்துவிடும் என எண்ணுவாரும் உளர். 1972ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு உட்பட்ட வீட்டில் அவ்வெண்ணம் தவறு. இறந்தவரோடு அவ்வீட்டில் வசித்துவந்த கணவன் அல்லது மனைவி, பிள்ளை, பெற்றோர் போன்ற உறவினர், விதித்த நிபந்தனைகளுக்கு உட்பட்டு, அவருடைய இடத்துக்கு வருவதற்குச் சட்டம் வழிசெய்தது. ஆசிரியரின் முன்வீட்டில் வாழும் அம்மூதாட்டி தம் கணவர் காலமான பின்னரும் அங்கே தொடர்ந்திருப்பது வீட்டுக்காரரின் கருணையால் மாத்திரமன்று; சட்டத்தின் காவலாலும் ஆகும்.

இனி, அறிவித்தற் காலம் முடிந்தபின் நடப்பவை. பெரும்பாலான குடியிருப்பவர்கள் பேச்சுவார்த்தையோடு வெளியேறிவிடுவர். சிலர் வெளியேறார். அப்பொழுது வீட்டுக்காரர் இரண்டு தவறுகளுக்கு ஆளாகாமல் தம்மைக் காத்துக்கொள்ளல் வேண்டும்.

ஒன்று, முடிவு நாளுக்குப் பின்னரும் பழையபடியே வாடகை வாங்கி, வாடகை எனப் பற்றுச்சீட்டு எழுதிக் கொடுத்தல். அவ்வாறு செய்தால், முடித்த வாடகையை அவரே மீண்டும் தொடக்கிவிட்டார் என்று வாதம் எழும். பணம் வாங்க வேண்டியிருப்பின், உரிமையின்றித் தொடர்ந்து இருப்பதற்கான நட்டஈடாகவே, தம் உரிமைக்குப் பங்கமின்றி, அதனைப் பெறுவதாக எழுதிக் கொடுத்தல் வேண்டும்.

மற்றது இதனினும் பெரிய தவறு. பூட்டை மாற்றுதல், தண்ணீர்க் குழாயை அடைத்தல், மின்சாரத்தைத் துண்டித்தல், சாமான்களை முற்றத்தில் எடுத்து வைத்தல் என்பன அவ்வகையின. என் வீடு, என் பூட்டு என்பது வீட்டுக்காரரின் நியாயம். சட்டத்தின் நியாயம் வேறு. உரிமை வேறு, உடைமை வேறு. உடைமையில் இருப்பவரை நீதிமன்றத்தின் கட்டளையின்றி எவரும் அகற்றலாகாது. 1979ஆம் ஆண்டின் 44ஆம் இலக்க ஆரம்ப நீதிமன்ற நடைமுறைச் சட்டத்தின்படி, பலாற்காரமாக வெளியேற்றப்பட்டவர் இரண்டு மாதத்துக்குள் விடயத்தை நீதிமன்றத்தின் முன் கொண்டுவந்தால், உரிமை யாருடையது என்ற ஆராய்ச்சிக்குப் போகாமலே அவரை மீண்டும் உள்ளே அமர்த்தும் கட்டளை பிறக்கலாம். 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் காலவிதிப்புக் கட்டளைச் சட்டமும், உடைமை இழந்தவர் ஓராண்டுக்குள் வழக்காடி அதனை மீட்க வழி கொடுத்துள்ளது. பூட்டை மாற்றிய வீட்டுக்காரர் அப்பூட்டைத் தம் கையாலேயே திறந்துவிட வேண்டிவரும். அதன்பின் அவர் தொடுக்கும் நேர்மையான வழக்கிலும் அக்கறை ஒட்டிக்கொண்டே இருக்கும்.

நேர்வழி மாவட்ட நீதிமன்றமே. அங்கே வீட்டுக்காரருக்குச் சில வலிமைகளும் உண்டு. 1895ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சாட்சியக் கட்டளைச் சட்டத்தின்படி, வாடகைக்கு வந்து புகுந்தவர், தம்மை உள்ளே விட்டவருக்கு வாடகை தொடங்கியபோது அவ்வீட்டில் உரிமை இருக்கவில்லை என வாதாட இயலாது. வாடகைப் பற்றுச்சீட்டுக்களின் அடிக்கட்டை, பதிவுத் தபாற் சீட்டு, அறிவித்தலின் பிரதி ஆகிய மூன்றும் கையில் இருப்பின் வழக்கின் அடித்தளம் உறுதியாகிவிடும். தீர்ப்புக் கிடைத்த பின்னரும் வீட்டைக் கையேற்பது நீதிமன்றத்தின் பிஸ்கால் வழியாகவே நிகழ்தல் வேண்டும். வீட்டுக்காரரின் ஆட்கள் வழியாகவன்று. வழக்குகள் நீள்கின்றன என்ற குறையைப் போக்கும் நோக்கோடு, குத்தகைக்கு விட்ட வளவுகளின் உடைமையை மீட்பதற்கென 2023ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கச் சட்டமும் ஆக்கப்பட்டது. முறைப்படி நொத்தாரிசு மூலம் குத்தகை எழுதிக்கொள்வதன் பயன் இத்தகைய இடங்களிலேயே தெரியவரும்.

வாடகை பற்றிய சட்டங்கள் 1942 முதல் பலமுறை மாறிவந்துள்ளன, இனியும் மாறத்தக்கவை. ஆதலால் அறிவித்தலில் கையொப்பமிடுமுன் அன்று நடைமுறையிலுள்ள சட்டத்தைச் சட்டத்தரணி ஒருவரிடம் கேட்டறிந்துகொள்வது செலவன்று, சேமிப்பேயாகும். அவரிடம் போகும்போது வீடு கட்டப்பட்ட ஆண்டு, வாடகை தொடங்கிய நாள், வாடகைத் தொகை, வாடகை மாதத்தின் முதல் நாள், முற்பணத்தின் அளவு என்னும் ஐந்தையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போதல் வேண்டும்.

முற்பணத்தைப் பற்றியும் ஒரு சொல். வீடு திரும்பக் கிடைப்பதில் எழும் சச்சரவுகளுட் பல உண்மையில் முற்பணச் சச்சரவுகளே. குடியிருப்பவர் வேறு வீடு எடுப்பதற்கு அப்பணமே முதல். அதனைத் திருப்பிக் கொடுக்கும் நாளையும், எவ்வெப் பழுதுகளுக்கு எவ்வளவு கழிக்கப்படும் என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிட்டால், பாதி வழக்கு அங்கேயே தீர்ந்துவிடும். திறப்பை ஒப்படைக்கும் நாளில் இருவரும் வீட்டை ஒருங்கு சுற்றிப் பார்த்து, மின்மானி, நீர்மானி வாசிப்புக்களைக் குறித்து, திறப்புப் பெற்றமைக்கும் பணம் பெற்றமைக்கும் எழுத்துக் கொடுத்துக்கொள்வது நல்வழக்கம்.

இனி அவ்வாசிரியரின் காரியம் எவ்வாறு முடியலாம் எனப் பார்ப்போம். முன்வீட்டு மூதாட்டியை எழுப்புவதாயின் ஆறு மாத அறிவித்தலும், அதன்பின் வழக்கும், அவ்வழக்கிலே இரு முதியவர்களின் துன்பத்தை நிறுக்கும் தராசும் காத்திருக்கின்றன. பின்புற அனெக்ஸ் வேறு சொந்த இடமாக இருக்கும்போது அத்தராசு அவர் பக்கம் சாய்வதும் எளிதன்று. அனெக்சைப் பெறுவதற்கோ ஒரு மாதம் போதும். அவர் அனெக்சையே தெரிந்துகொள்கின்றார். பழைய கடிதத்தை மீட்டுக்கொண்டு, ஆகத்து மாதம் 20ஆந் திகதி புதிய அறிவித்தலை எழுதித் தாமே கொண்டுசெல்கின்றார். அதில் முடிவு நாள் செத்தெம்பர் 30 அன்று, டிசம்பர் 31.

"மாஸ்டர், சட்டப்படி ஒரு மாதந்தானே தரவேணும்?" என்கின்றார் இளைஞர், கடிதத்தைப் படித்துவிட்டு.

"ஓம் தம்பி. ஆனால் பிள்ளையின்ரை பள்ளிக்கூடம் வருசம் முடியட்டும். அதுவரைக்கும் நாங்கள் ஒரு சொந்தக்காரர் வீட்டிலை இருப்பம். டிசம்பர் முப்பத்தொண்டுக்கு மேலை மட்டும் போகவேண்டாம்."

இளைஞர் பிரதியிற் கையொப்பமிட்டுத் திகதியையும் எழுதிக் கொடுக்கின்றார். ஆசிரியர் அதனை மடித்துப் பையில் வைத்துக்கொள்கின்றார். கொடுத்த நான்கு மாதம் அன்பினாலானது. வாங்கிய கையொப்பம் சட்டத்தினாலானது. மாத வாடகையை முடிக்கும் வீட்டுக்காரருக்கு இவ்விரண்டும் வேண்டும். அன்பு மட்டும் இருந்து கையொப்பம் இல்லாவிடின், டிசம்பர் 31ஆந் திகதி வெறும் பேச்சாய்ப் போகலாம். கையொப்பம் மட்டும் இருந்து அவகாசம் இல்லாவிடின், வீடு கிடைக்குமுன் வழக்குக் கிடைக்கும். நாளைச் சரியாகக் குறித்து, அந்நாள்வரை பொறுத்து, அந்நாளில் உறுதியாய் நிற்பவருக்கே திறப்பு விரைவில் கைக்கு வருகின்றது.